அவன் கத்தும்போது நானும் கத்திடறேன் டாக்டர்

கேள்வி: என் பையனுக்கு நாலு வயசு. ஷூ பட்டை சரியா ஒட்டலைன்னா கூட தரையில விழுந்து உருண்டு கத்துவான். "அழாதே, அமைதியா இரு"ன்னு எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டேங்கறான், கடைசியில நானும் கத்திடறேன். ராத்திரி அவன் தூங்குற முகத்தைப் பாத்தா அழுகையா வருது. நான் மோசமான அம்மாவா?

பதில்: இல்லவே இல்லம்மா. அந்த நேரத்துல அவனால நீங்க சொல்றதைக் கேக்கவே முடியாது. பயம், கோபம் வந்தா சுரக்குற அட்ரினலின் ஏறி நெஞ்சு படபடன்னு அடிச்சு மூச்சு வாங்குது, ஏதோ பெரிய ஆபத்துன்னே அவன் உடம்பு நம்பிடுச்சு. யோசிச்சு தன்னை அடக்கிக்கிற மூளையோட முன்பகுதி முழுசா வளர 25 வயசு கிட்ட ஆயிடும், நாலு வயசுல அவன் உங்களைப் பிடிச்சுக்கிட்டுதான் அடங்க முடியும். உங்க முகம், குரல், கை, மூச்சு எல்லாமே அவனுக்கு சிக்னல். பல்லைக் கடிச்சுக்கிட்டு "அமைதியா இரு"ன்னா அவன் அந்தப் பல்லைத்தான் பாப்பான்.

அதனால முதல்ல உங்க உடம்பு. மூச்சை இழுக்குறதை விட விடுறது நீளமா இருக்கட்டும், நாலஞ்சு தடவை, அப்போ மூளையிலேர்ந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். அப்புறம் அவன் உயரத்துக்குத் தரையில உக்காருங்க, ரொம்ப பேசாதீங்க, கையைத் தட்டிவிட்டா விட்டுடுங்க ஆனா எழுந்து போயிடாதீங்க, அடிக்க வந்தா மட்டும் கையை மெதுவா பிடிச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல விக்கி விக்கி ஒரு பெரிய பெருமூச்சு வரும், தோள் தளரும், உங்க மேல சாய்வான். ஷூவைப் பத்தி அப்போ பேசுங்க, அதுக்கு முன்னாடி வேணாம். இங்கதான் நிறைய பேர் அவசரப்பட்டுடறாங்க.

கத்திட்டீங்களா, அவன்கிட்ட திரும்பிப் போங்க. எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், அவர் குழுவோட ஆய்வு 1978ல வந்துச்சு. அதுல அம்மா கொஞ்ச நேரம் முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாம உக்காந்திருந்தாங்க, குழந்தை சிரிச்சுப் பாத்து, கூப்பிட்டுப் பாத்து, ஒண்ணும் நடக்கலைன்னதும் முகத்தைத் திருப்பிக்கிச்சு. அறுந்ததை மறுபடி ஒட்டறதுதான் முக்கியம்னு அவர் பின்னாடி அழுத்திச் சொன்னார். "அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா, உன் மேல தப்பில்ல"ன்னு கட்டிக்கோங்க, போதும்.

அடிச்சிடுவேனோன்னு தோணுச்சுன்னா அவனைப் பத்திரமான இடத்துல உக்கார வெச்சு, "ரெண்டு நிமிஷத்துல வரேன்"னு சொல்லிட்டு பக்கத்து ரூமுக்குப் போங்க, சொன்ன மாதிரியே திரும்பி வந்துடுங்க. தினமும் ரொம்ப நேரம் நீடிக்குது, தன்னையே காயப்படுத்திக்கறான்னா குழந்தை மருத்துவரை நேர்ல பாருங்க.