துவாலுவும் தலைக்கட்டு வரியும்: கேள்வி பதில்

சிறு தீவு நாடுகளின் பொருளாதாரத்தில் அரசு நுகர்வின் பங்கு ஏன் இவ்வளவு பெரிது? மாதிரித் தேர்வில் வந்த இந்த வினாவைப் பிடித்துக்கொண்டு, மதுரை வட்டாரத்துப் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் என்னை விடவில்லை. ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

திருமங்கலம் மாணவர்: அரசு நுகர்வு என்றால் அரசின் மொத்தச் செலவுதானே ஐயா?

இல்லை. பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். ஆசிரியர், காவலர் சம்பளமும் ஆஸ்பத்திரிக்கு வாங்கும் மருந்தும் அரசு நுகர்வு. துறைமுகம் கட்டினால் அது முதலீடு. கடனுக்குக் கட்டும் வட்டி இந்தக் கணக்கிலேயே வராது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் வராது; அதை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மா மளிகைக் கடைக்குப் போகும்போது குடும்ப நுகர்வாகிவிடுகிறது.

மேலூர் மாணவி: இந்தியாவில் இது ஜி.டி.பி.யில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில், சுமார் 10, 11 சதவீதம். பசிபிக் தீவு நாடுகளான துவாலு, கிரிபாட்டியில் பல மடங்கு. அந்த அரசுகள் ஊதாரிகளா?

ஊர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரி மேலூர்ப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. 300 தலைக்கட்டு உள்ள ஊரும் பொங்கல் வைக்கிறது, 30 தலைக்கட்டு உள்ள ஊரும் வைக்கிறது. பந்தல், மேளம், வாணவேடிக்கை எதையும் பத்தில் ஒரு பங்காக்க முடியாது. ஆகவே சின்ன ஊரில் தலைக்கு விழும் வரி கனக்கும்.

துவாலுவின் பரப்பு 26 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 11,000 பேர். நம் மாநகராட்சியின் 100 வார்டுகளில் சராசரி வார்டு ஒன்றைவிடக் குறைவு. ஆனால் 1978இல் விடுதலை பெற்ற நாடு. பிரதமர், நாடாளுமன்றம், நீதிமன்றம், 2000 முதல் ஐ.நா. இருக்கை எல்லாம் வேண்டும். அதிலும் ஒன்பது தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. மக்கள் குறைந்த நாடுகளில் அரசு நுகர்வின் பங்கு கூடுகிறது என்று அலெசினா, வாக்சியார்க் என்ற இரு பொருளியலாளர்கள் 1998இல் புள்ளிவிவரங்களோடு காட்டினார்கள்.

உசிலம்பட்டி மாணவர்: குமாஸ்தா வாங்கும் சம்பளம் எப்படி உற்பத்தியாகும்?

அரசுப் பள்ளிப் பாடத்துக்குச் சந்தை விலை கிடையாது. எனவே அதற்கு ஆன செலவையே அதன் மதிப்பாக வைக்கிறார்கள். ஆசிரியர் நன்றாக நடத்தினாலும் தூங்கினாலும் கணக்கில் ஒரே தொகைதான். இந்த முறைமேல் எனக்கு முப்பது வருடக் கோபம் உண்டு. மாற்றுதான் அகப்படவில்லை.

சோழவந்தான் மாணவி: ஜி.டி.பி.யில் அரசு நுகர்வு 60 சதவீதம், குடும்ப நுகர்வு 80, முதலீடு 30 என்று இருந்தால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டுகிறதே?

தாண்டட்டும். மொத்தம் 170. ஏற்றுமதி 20 என்று வைத்துக் கூட்டுங்கள், 190. அரிசி, டீசல், சிமெண்ட் என்று 90க்கு இறக்குமதி செய்திருந்தால் அதைக் கழியுங்கள்; 100 வந்துவிடும். கப்பலில் வருவதை நம்பி வாழும் தீவுகளில் இது சாதாரணம்.

அலங்காநல்லூர் மாணவர்: அவ்வளவு இறக்குமதிக்கும் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது?

இதுதான் கேள்வி! உங்கள் பக்கத்துக் கண்மாயின் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விடுகிறார்கள். மீனைப் பிடித்துப் போவது வெளியூர்க்காரர். ஏலப் பணம் ஊர்ப் பொதுவுக்கு. கிரிபாட்டியின் கண்மாய் பசிபிக் பெருங்கடல். அதன் நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர். உரிமை கொண்ட கடலோ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கே சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் நாள் கணக்கில் உரிமக் கட்டணம் கட்டுகின்றன. அந்தக் கட்டணம் தேசிய வருமானத்தில் சேரும், உள்நாட்டு உற்பத்தியில் சேராது. அதை வைத்து அரசு கொடுக்கும் சம்பளம் மட்டும் அரசு நுகர்வில் ஏறிவிடும். அதாவது பணம் வந்த வழி, வகுக்கும் எண்ணான உள்நாட்டு உற்பத்தியில் இல்லை. விகிதம் வீங்காமல் என்ன செய்யும்? நான் மொத்தத் தேசிய வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த விகிதத்தை நம்புவதில்லை.

இதுபோக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தரும் உதவி. பாஸ்பேட் வருவாயிலிருந்து 1956இல், பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்திலேயே, கிரிபாட்டியில் தொடங்கப்பட்ட சேமிப்பு நிதி. துவாலுவுக்கு இணையத்தில் ‘டிவி’ என்று முடியும் முகவரிகளின் வாடகை.

வாடிப்பட்டி மாணவர்: சிங்கப்பூரும் தீவுதானே?

தீவுதான். ஆனால் மக்கள் சுமார் 60 லட்சம், உற்பத்தியோ மலை. அரசு நுகர்வு பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது. கடல் சூழ்ந்திருப்பதால் மட்டும் விகிதம் ஏறிவிடாது.

பேரையூர் மாணவி: அப்படியானால் விகிதம் குறைவாக இருந்தால் நாடு பத்திரமா?

இலங்கையைப் பாருங்கள். அங்கே அரசு நுகர்வு பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனாலும் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப முடியாது என்று கையை விரித்தார்கள். முதல் பதிலில் வட்டி இந்தக் கணக்கில் வராது என்றேனே, அதை இப்போது மறுபடி படியுங்கள்.