தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது பற்றி

சகோதரி, பிறந்து 6 நாளான பாப்பா தூக்கத்தில் வேகவேகமாக மூச்சு விட்டு, திடீரென்று சில நொடி நிறுத்திவிடுகிறாள், பயத்தில் தூங்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் மகன் பிறந்தபோது நானும் அவன் மூக்கருகே புறங்கையை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

வயிற்றில் இருந்தவரை அவள் நுரையீரலில் நீர்தான் இருந்தது; ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வந்தது. இப்போதுதான் காற்றை இழுக்கப் பழகுகிறாள். மூச்சைச் சீராக நடத்தும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. அதனால் 5, 10 நொடி நின்று, அப்புறம் தானாகத் தொடரும். மாதங்கள் போகப் போகக் குறையும்.

அவள் அமைதியாகத் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், தப்பாக வரும். மறுபடி எண்ணியும் 60 அல்லது அதற்கு மேல் வந்தால், 20 நொடி நின்றால், உதடோ நாக்கோ நீலமானால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், முனகினால், பால் குடிக்காவிட்டால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 37 வாரத்துக்கு முன்பே பிறந்தவள் என்றால் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். இன்று இரவு வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரெண்டு மணி நேரமாவது தூங்குங்கள் அம்மா.