இலையா, தண்டா, குட்டியா?

சக்குலன்ட் செடிகளை, அதாவது இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமித்துவைக்கும் சதைப்பற்றுள்ள செடிகளை, வீட்டிலேயே பெருக்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் வளர்ப்பது சென்னை மொட்டை மாடியில். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தண்ணீர்க் கணக்கைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணா, எச்செவேரியா (ரோஜாப்பூ போல இலை அடுக்கியிருக்கும் சக்குலன்ட்) இலைகளை மண்ணில் குத்தி வைத்து தினமும் தண்ணீர் தெளித்தேன். ஒரே வாரத்தில் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி அழுகிவிட்டது. எங்கே தப்பு? (வேளச்சேரி)

குத்தி வைத்தது ஒரு தப்பு, தினமும் தெளித்தது அதைவிடப் பெரிய தப்பு. இலையை இரண்டு விரலில் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் 'டப்' என்று அடியோடு கழன்று வரும். புது முளை கிளம்புவது அந்த அடிநுனியில்தான். அது தண்டிலேயே ஒட்டிக்கொண்டு, இலை மட்டும் கிழிந்து வந்தால் தூக்கிப் போடுங்கள்.

நிழலில் ஒரு தட்டில் மூன்று நாள் சும்மா கிடக்கட்டும். ஆறிய புண் மேல் பொருக்கு கட்டுகிற மாதிரி அடி காய்ந்துவிடும். அப்புறம் மண்ணின் மேல் படுக்க வையுங்கள், புதைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பு நூல் போல வேர் எட்டிப் பார்க்கும். அதுவரை தண்ணீர் வேண்டாம், தேவையானது இலைக்குள்ளேயே இருக்கிறது. வேர் வந்த பிறகு மேல் மண்ணை நனைப்பது, நன்றாகக் காய்ந்ததும் மறுபடி நனைப்பது, அவ்வளவுதான். கடுகளவில் ஒரு குட்டிப் பூ மாதிரி செடி தெரியும்போது தாய் இலை சுருங்க ஆரம்பிக்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று பிய்த்துவிடாதீர்கள், குட்டி இன்னும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

பத்து இலை வைத்தால் எனக்கே நாலைந்துதான் தேறும். சில இலைகள் வேர் மட்டும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் முளைக்காமல் உட்கார்ந்திருக்கும். எச்செவேரியாவில் பெரும்பாலானவை மெக்சிகோ மலைப்பகுதிச் செடிகள், நம் இரவுப் புழுக்கம் அவற்றுக்கு ஆகாது. முதல் முயற்சி என்றால் நர்சரியில் கோஸ்ட் பிளான்ட் என்று விற்கும் கிராப்டோபெடலத்தில் கை பழகுங்கள். கை பட்டு உதிரும் இலைகூட வேர்விடும்.

சோற்றுக்கற்றாழை மடலை நட்டால் வருமா?

வராது. உள்ளே இருக்கும் சோறு அழுகி நாறும். பக்கத்தில் முளைக்கும் குட்டிகளை வேரோடு பிரித்து நடுங்கள்.

பாம்புச் செடி இலையை வெட்டி நட்டேன். தாய்ச்செடிக்கு மஞ்சள் ஓரம், குட்டி வெறும் பச்சை. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (திருச்சி)

அவர் பாவம், விட்டுவிடுங்கள். அந்த மஞ்சள் ஓரம் இலைத்துண்டு வழியாக இறங்காது. வெட்டிய இடத்தில் உள்திசுவிலிருந்து புதுச்செடி கிளம்புவதால் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் வேண்டுமென்றால் தொட்டியைக் கவிழ்த்து, கிழங்கு போன்ற அடித்தண்டைப் பிரித்து நட வேண்டும். இலைத்துண்டு வைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: வெட்டியதும் மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிடுங்கள். தலைகீழாக நட்டால் வேர் வராது. நான் ஒருமுறை அப்படி ஒரு தொட்டி முழுக்க நட்டு மூன்று மாதம் காத்திருந்தேன்!

மண் கலவை என்ன சார்? எம்சாண்ட் போடலாமா?

போடலாம், ஆனால் பொடியைக் கழுவி எடுத்துவிட்டு. அந்தப் பொடிதான் சிமென்ட் மாதிரி இறுகும். நான் போடுவது ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு பழைய மண்புழு உரம், இரண்டு பங்கு கழுவிய பெருமணலும் உடைத்த செங்கல் துண்டும். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் உடனே அடித்துளை வழியாக வெளியே வர வேண்டும். தேங்கினால் கலவை சரியில்லை.

எந்த மாதம் தொடங்கலாம்?

சென்னையில் பொங்கல் முடிந்த கையோடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை வைத்தால் அழுகும், அக்னி நட்சத்திரத்தில் வைத்தால் வெந்துபோகும்.

உச்சியில் சிவப்புப் பந்து இருக்கும் குட்டிக் கள்ளியிலிருந்து அந்தப் பந்தை மட்டும் எடுத்து நடலாமா?

நடக்காது. அது ஒட்டுச்செடி. சிவப்புப் பந்தில் பச்சையம் இல்லாததால் தானாக உணவு தயாரிக்க முடியாது. கீழே இருக்கும் பச்சைக் கள்ளிதான் அதற்குச் சோறு போடுகிறது. பந்தில் வரும் குட்டிகளை வேறொரு பச்சைக் கள்ளியில் ஒட்டுக்கட்டலாம்.

திருகுக்கள்ளிக் கிளையை வெட்டி வைக்கப் பார்க்கிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறது. (மதுரை)

அப்படியென்றால் குழந்தை தூங்கும்போது வெட்டுங்கள். கையுறை கட்டாயம், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் உடனே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். வெட்டிய கிளையின் பால் நின்று, வாய் காய ஒரு வாரம் விட்டு நட்டால் போதும்.

என் பையன் பள்ளிக்கு ஒரு 'குட்டி போடும் இலை' வேண்டுமாம். எது சுலபம்?

ரணகள்ளி. கிராமத்தில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றே பெயர். இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள். மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் இலையோரத்துப் பள்ளங்களில் குட்டிச்செடிகள் வரிசையாகக் கிளம்பும், பொடி வேரோடு. பையன் காட்டி முடித்ததும் குட்டிகளைத் தனித்தொட்டியில் வையுங்கள். நான் ஒரு இலையை அலட்சியமாகப் போட்டு, கறிவேப்பிலைத் தொட்டியில் இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.