டானிக்கைத் தேடும் முன் தரையைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 15 முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். கோடையில் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகின்றன. சென்ற மழைக்காலத்தில் இரத்தமாகக் கழிந்து மூன்று இறந்துவிட்டன. குளிர் வந்தால் முட்டை நின்றுவிடுகிறது. எந்தப் பருவத்துக்கு என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றுக்குத்தான் மருந்து வேண்டும். தரை ஈரமாகவே கிடந்தால் அந்த மருந்தும் வீண். அதனால் மழைக்காலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்துவிடும். கோழி கூளத்தைக் கொத்தும்போது அவை குடலுக்குள் போகும். சாதாரணக் கிருமிநாசினிக்கு எளிதில் சாகாது. கூளத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் அன்றே கிளறி, கட்டிதட்டியதை அள்ளி வெளியே போட்டு, காய்ந்த உமியோ மரத்தூளோ பரப்புங்கள். முதலில் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒழுகும் கூரையைவிடச் சிந்தும் தண்ணீரால் கெட்ட கொட்டகைகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். பிறகு கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுங்கள். உங்கள் கண் கரித்தால், ஈர எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயுவில்தான் அவை இரவெல்லாம் உறங்குகின்றன. எச்சத்தில் இரத்தம் கண்டால் அதை எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் வெப்பமோ சுமார் 41 டிகிரி செல்சியஸ். மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் முட்டை ஓடும் மெலிகிறது. இரை செரிக்கும்போதும் உடல் சூடேறும் என்பதால் விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் தீவனம் வையுங்கள். நண்பகலில் நிழலும், அவ்வப்போது மாற்றிய குளிர்ந்த தண்ணீரும் போதும்.

குளிர்காலத்தில் முட்டை நிற்பது பெரும்பாலும் நோயல்ல, பகல் குறுகியதன் விளைவு. முட்டையிட நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். விடியலுக்கு முன் ஒரு விளக்கு எரியவிட்டால் அது ஈடாகும். ஆனால் இறகு உதிர்க்கும் கோழியை விளக்கு வைத்து விரட்டாதீர்கள், பாவம். இறகு பெரும்பாலும் புரதம்தான். அது முளைத்து முடியும்வரை புரதம் மிகுந்த தீவனம் கொடுத்து ஓய்வு கொடுங்கள். குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சாக்கால் முழுக்க அடைத்துவிடவும் வேண்டாம். கூரையை ஒட்டிக் காற்றுப் போக வழி இருக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் எந்தப் பருவத்திலும் தவறக் கூடாது. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள்.

மாலையில் அடையும் நேரத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் நிறைந்தும் காலையில் காலியாகவும் இருக்க வேண்டும். மாலையிலேயே தொளதொளவென்று கிடந்தால், அந்தக் கோழியை அன்றிரவே தனியே பிரித்துவிடுங்கள்.