சிங்கப்பூரில் ரிசர்விஸ்ட் அழைப்புக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்?

அலுவலக வேலை நெருக்கடியால் இந்த முறை ரிசர்விஸ்ட் முகாமுக்கு, அதாவது முழுநேர தேசிய சேவையை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சிக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி, அப்படிச் செய்துவிடாதீர்கள்.

உங்களை முகாமுக்கு அழைக்கும் எஸ்ஏஎஃப் 100 (சிங்கப்பூர் ஆயுதப் படையின் அழைப்பாணை) வெறும் அழைப்பிதழ் அல்ல, சட்டப்படியான ஆணை. அதை மீறினால் தேசிய சேவைக்கான படைச்சேர்ப்புச் சட்டத்தின் (Enlistment Act) கீழ் அதிகபட்சம் 10,000 வெள்ளி அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சேவைக்கு அழைக்கப்பட்ட காலத்தில் நீங்கள் ராணுவச் சட்டத்துக்கும் உட்பட்டவர். அதனால் படைப்பிரிவே உங்களை விசாரித்து அபராதம் விதிக்கலாம், ராணுவத் தடுப்பு முகாமுக்கும் அனுப்பலாம்.

உண்மையான காரணம் இருந்தால் ஒத்திவைப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பதில் வரும்வரை அழைப்பு செல்லுபடியாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை முகாம் தொடங்கும் நாளில் கடும் காய்ச்சலோடு எழுந்தேன். கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்தபடியே பிரிவுக்கு ஃபோன் செய்து, எம்சியையும் (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) அனுப்பினேன். பிரச்சினையே வரவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் கதையே வேறு.

முதலாளி தடுத்தால் அது அவருடைய குற்றம். அழைப்பாணையை அவரிடம் இன்றே காட்டுங்கள்.