பழைய ராணுவப் பயிற்சி விமானத்தில் பறக்கலாமா என்று கேட்ட கடலூர் தம்பிக்கு

மஞ்சக்குப்பத்திலிருந்து பாரிஸுக்கு வந்து நாலு மாதமான ஒரு தம்பி மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். இந்திய ஓட்டுநர் உரிமத்தை அங்கே மாற்றுவது எப்படி, குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது, அப்புறம் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய ராணுவப் பயிற்சி விமானத்தில் பறக்கப் போகிறார்கள், பாதிப் பணத்தை நாம் போட வேண்டும், போகலாமா? முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள். மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

புதுச்சேரியில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஒரு ஏ.டி.ஆர். பயணிகள் விமானம் இறங்கியது. அந்த ப்ரொப்பெல்லர் சத்தம் கேட்டால் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிடும். அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அல்ஜீரியாவில் ஒரு விமானத் தளத்தில் பெட்ரோல் நிரப்புவதும் கண்ணாடி துடைப்பதும் அவர் வேலை. நெல்லித்தோப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "தே-சிஸ், தே-சிஸ்" என்பார். டி-6 என்கிற அமெரிக்கப் பயிற்சி விமானத்தைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அத்தனை நாள் அதைத் துடைத்தவரை ஒருநாளும் யாரும் ஏற்றிக்கொண்டு பறந்ததில்லை.

அதனால் தம்பி, போங்கள். ஆனால் சிலதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இடைத்தரகரிடம் சீட்டு வாங்காதீர்கள். நான் முதல்முறை இணையத்தில் ஒரு பரிசுச்சீட்டுக் கம்பெனியிடம் பணம் கட்டினேன். மூன்று தடவை வானிலை சரியில்லை என்று தள்ளிப்போனது. அதற்குள் சீட்டின் காலம் முடிந்துவிட்டது. பணமும் போச்சு. விமானத்தை வைத்துப் பராமரிக்கிற சங்கத்திடமே நேராகப் பேசுங்கள், மே முதல் செப்டம்பருக்குள் நாள் கேளுங்கள், மழை வந்தால் பணம் என்னாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று, இந்த விமானங்கள் பறப்பது பழம்பொருள் விமானங்களுக்கென்று உள்ள கட்டுப்படுத்தப்பட்ட சான்றிதழில். உங்களைப் பாரிஸின் ருவாசி விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கிய விமானத்துக்கு உள்ள பாதுகாப்பு விதிகள் இதற்குக் கிடையாது. உங்கள் காப்பீட்டில் இதற்கு இடம் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பாருங்கள்.

காலையில் முதல் பறப்பு என்றால் சீக்கிரம் போய் நின்று பாருங்கள். எஞ்சினைப் போடும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். எனக்குத் தெரிந்த டி-6இன் எஞ்சினில் 9 சிலிண்டர் வட்டமாக இருக்கும். ராத்திரி முழுக்க நின்றதில் கீழ்ப்பக்கத்து சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடையும். இதைப் பொறுமையாகச் செய்கிற ஆளை நம்பலாம்.

இறக்கையில் கறுப்பாகச் சொரசொரவென்று ஒரு பட்டை இருக்கும். அதில் மட்டும் கால் வையுங்கள். துணி போர்த்திய பகுதிகளில் விரலைக்கூட ஊன்றக் கூடாது. பைகளைக் காலி செய்துவிடுங்கள். சில்லறை, சாவி, பேனா எதுவும் வேண்டாம். டி-6இல் பின் இருக்கையில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே தரையே இல்லை. இரண்டு பாதங்களுக்கும் இரண்டு தகட்டுத் தடம், அதற்குக் கீழே நேராக விமானத்தின் வயிறு. கட்டுப்பாட்டுக் கம்பிகள் ஓடுவது அங்கேதான். உங்கள் போன் நழுவி அதில் சிக்கினால் விமானிக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். பாரசூட் கொடுத்தால் அதன் பட்டை வேறு, இருக்கைப் பட்டை வேறு. எதை எப்போது கழற்றுவது என்று இரண்டு முறை கேட்டுக்கொள்ளுங்கள். தலைகீழாகச் சுற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், சளி இருந்தால் ஏறவே ஏறாதீர்கள்.

எனக்கு முக்கியமான எச்சரிக்கை இனிமேல்தான். பயிற்சி விமானம் என்கிறார்கள், ஆனால் 1956 முதல், அல்ஜீரிய விடுதலைப் போரின்போது, பிரெஞ்சுக்காரர்கள் நூற்றுக்கணக்கான டி-6களை வாங்கி, துப்பாக்கியும் ராக்கெட்டும் மாட்டி அல்ஜீரியக் கிராமங்கள் மேல் பறக்கவிட்டார்கள். தாத்தா சத்தத்தைப் பற்றிப் பேசுவாரே தவிர அதைப் பற்றிப் பேசமாட்டார். உங்கள் அலுவலகத்தில் அல்ஜீரியக் குடும்பத்துப் பிள்ளை யாராவது இருந்தால், படத்தைக் காட்டிப் பெருமை பேசாதீர்கள். நான் பேசினேன். கூட வேலை செய்தவர் ஒன்றும் சொல்லாமல் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நம் ஆட்கள் "வெட்டிச் செலவு" என்பார்கள். இருபது வருஷம் பாரிஸில் இருந்தும் நம் ஆட்கள் நிறைந்த லா ஷாப்பேலையும் சார்செலையும் தாண்டாதவர்கள் அவர்கள். நேஷனாலிட்டி குடும்பம், அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்று சொல்லிக்கொண்டு, விசாவில் வந்த பிள்ளைகளை ஒரு படி கீழே பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. நானும் நேஷனாலிட்டியோடு 1994 ஜனவரியில் ருவாசியில் வந்து இறங்கியவன்தான். டெரிலின் சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், கையுறை இல்லை. கூட்டிப்போக வருகிறேன் என்ற சொந்தக்காரர் வரவில்லை. நாலு மணி நேரம் கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷம் உணவகத்தில் பாத்திரம் கழுவி, ராத்திரியில் பிரெஞ்சு படித்து, மின்வேலைச் சான்றிதழ் வாங்கினேன். ஒரு பெந்தெகோஸ்து விடுமுறையில் லா ஃபெர்தே-அலே விமானக் கண்காட்சிக்குத் தனியாகப் போனபோதுதான் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். ப்ரொப்பெல்லர் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால் வருகிற அலறல் அது. தாத்தா திண்ணையில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுப்பிக் காட்டுவாரே, அதே சத்தம்.

நான் பறந்தபோது அவர் உயிரோடு இல்லை. விமானம் தரையில் ஓடும்போது மூக்கு தூக்கிக்கொண்டு நிற்பதால் முன்னால் ஒன்றும் தெரியாது, விமானி பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினார். மேலே போனதும் கோதுமை வயல். இறங்கி, புல்லில் நின்றபடியே நெல்லித்தோப்புக்குப் போன் போட்டேன். சட்டைக் கையில் எண்ணெய்ப் பொட்டு இருக்கிறதா என்று அம்மா கேட்டார். இருந்தது. தாத்தா சட்டையிலும் அது போகவே போகாதாம்.

எந்த விமானம் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுச் சொல்லுங்கள். ஸ்டாம்ப் என்கிற பழைய இரட்டை இறக்கை விமானம் மாதிரி திறந்த இருக்கை என்றால் மே மாதத்திலும் விரல் விறைத்துவிடும். என்னிடம் கம்பளி வைத்த தோல் கையுறை இருக்கிறது. மாதக் கடைசியில் பாரிஸ் திரும்புகிறேன், சார்செல் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.