கால் வலிக்குச் சாக்ஸ் போடும் முன்

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைங்க. பத்து மணி நேரம் நின்றபடிதான். வயசு 42. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைச்சிருக்கு. உள்பக்கக் கணுக்காலுக்கு மேல தோல் கறுத்து அரிக்குது. டாக்டர் எழுதிக் கொடுத்த இறுக்கமான சாக்ஸை இந்த வெக்கையில போட முடியலைங்க. விட்டுடலாமா?
– வாசகி, திருப்பூர்

விட வேண்டாம். நரம்பு சுருட்டல் என்று சொன்னாலும் சுருண்டிருப்பது நரம்பு அல்ல, சிரை. காலிலிருந்து ரத்தத்தை மேலேற்றி இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய் அது. கிணற்று மோட்டார் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கிறதல்லவா, அதுபோல சிரைக்குள் வழிநெடுக வால்வுகள் உண்டு. அவை சரியாக மூடாவிட்டால் ஏறிய ரத்தம் திரும்ப இறங்கித் தேங்கும். ரத்தத்தை மேலே தள்ளும் மோட்டார் கெண்டைக்கால் சதைதான். நடந்தால் ஓடும், அசையாமல் நின்றால் நின்றுவிடும். தேங்கிய அழுத்தத்தில் சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து படிந்ததால் வந்தது உங்கள் கறுப்பு. அந்த இடத்தில் நகக்கீறல்கூட ஆறாத புண்ணாகும். சொறியாதீர்கள்; இரவில் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத கிரீமோ தடவுங்கள்.

சாக்ஸ் தாங்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். காலையில் வீக்கம் வரும் முன் கணுக்காலின் ஒடுங்கிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் டேப் வைத்து அளந்து வாங்க வேண்டும். அழுத்த அளவில் இரண்டாம் வகுப்பு, முழங்கால் வரை உள்ளது பலருக்குப் போதும். படுக்கையை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள். குதிகால் வரை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, பாதத்தை நுழைத்து, பிறகு மேலே உருட்டுங்கள். மேல் விளிம்பை மடித்துவிட்டால் அது கயிறு கட்டியதுபோல இறுக்கி வீக்கத்தைக் கூட்டும். வெக்கை என்று கீழே சுருட்டி விடுவதிலும் இதே ஆபத்துதான். இரவில் கழற்றி, மிதமான சோப்பில் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், புதிது வாங்க வேண்டும்.

செக்கிங் டேபிளில் நின்றபடியே அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்குங்கள். யாருக்கும் தெரியாது, வேலையும் நிற்காது. இரவில் கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் ஒரு செங்கல் உயரம் கொடுங்கள்.

தோல் கறுத்துவிட்டதால் சாக்ஸோடு நிறுத்தாமல், ரத்த ஓட்டத்தைக் காட்டும், நிற்க வைத்து எடுக்கும் டாப்ளர் ஸ்கேனும் பாருங்கள். சதைக்குள் இருக்கும் ஆழச் சிரைகள் அடைப்பில்லாமல் திறந்திருந்தால், தோலுக்கு அடியில் பழுதான மேல்சிரையை லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் மூடிவிடலாம். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து முடிப்பார்கள், அன்றே நடக்கலாம்.

கேள்வி: எங்க அப்பாருக்கு 68 வயசுங்க. தறி ஓட்டினவர். நாற்பது வருசமா பீடி, பதினைந்து வருசமா சர்க்கரை. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடிச்சுக்கும், நின்னா சரியாயிடும். இப்ப ராத்திரியில பாதம் வலிக்குதுன்னு கட்டில்ல காலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கார். அத்தையோட நரம்பு சுருட்டல் சாக்ஸைப் போட்டு, சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கலாமுங்களா?
– வாசகர், சோமனூர்

இரண்டும் கூடாது. அத்தைக்கு ரத்தம் திரும்பும் குழாயில் கோளாறு. அப்பாருக்கோ ரத்தம் கொண்டுவரும் தமனியே அடைத்திருக்கிறது என்றுதான் நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது. சிரை வலி காலை உயர்த்தினால் குறையும், தமனி வலி தொங்கப் போட்டால் குறையும். ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக வரும் ரத்தத்தைச் சாக்ஸ் நெரித்தால் விரலே கறுத்துப் போகலாம். சர்க்கரையால் மரத்த பாதத்துக்குச் சூடும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீர்கள்.

படுத்திருக்கும்போதே வரும் பாத வலி முற்றிய நிலையின் அடையாளம். இந்த வாரமே ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப் போங்கள். முதலில் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால் 0.6. 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி அடைப்பு. நாள்பட்ட சர்க்கரையில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைப்பதால் 1.4-க்கு மேலும் காட்டும். அதை நல்ல எண் என்று நம்பிவிடாமல் கால் பெருவிரலின் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பலூன், ஸ்டென்ட், அல்லது அவர் காலின் சிரையையே எடுத்துப் போடும் பைபாஸ், எது என்பது அடைப்பின் இடத்தையும் நீளத்தையும் பொறுத்தது.

மருந்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ ஒன்று இருக்கும். கொழுப்பு சரியாக இருந்தாலும் ஸ்டாட்டின் மாத்திரை தருவார்கள், நிறுத்தாதீர்கள். அது இதயத்தையும் மூளையையும் சேர்த்துக் காக்கிறது. பீடியைக் குறைத்தால் போதாது, முழுதாக விட வேண்டும். பீடி தொடர்ந்தால் போட்ட பைபாஸும் அடைத்துக்கொள்ளும்.

நடந்தால் மட்டும் வலி வரும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு நடையே நல்ல மருந்து. வலி நன்றாகத் தெரியும் வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். ஓய்வையும் சேர்த்து 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று நாளாவது, மூன்று மாதம். வலி வருகிறதே என்று நடையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. அப்பாருக்கு இப்போது இது பொருந்தாது.

கேள்வி: கால் புண்ணுக்கு மஞ்சள் வைக்கிறோமுங்க, சரியா?
– வாசகி, ஈரோடு

மஞ்சள் விளையும் ஊர், கை தானாகப் போகும். ஆனால் பொடி அப்பினால் புண்ணின் நிறமும் சீழும் மறைந்துவிடும். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டுங்கள். சிரைப் புண்ணை ஆற்றுவது அதன்மேல் போடும் அழுத்தக் கட்டு. களிம்பு மட்டும் ஆற்றாது. கட்டுப் போடும் முன் தமனி அழுத்தத்தை அளந்தார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: எப்போது உடனே ஓட வேண்டும்?
– வாசகர், பல்லடம்

கால் திடீரென வெளிறி, சில்லிட்டு, மரத்து, விரல் அசையாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் சதை சாகத் தொடங்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு நீவாதீர்கள், உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். கூடவே மூச்சு வாங்கினால் 108. சுருண்ட சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சினால் உடனே படுக்க வைத்து, காலை இதயத்துக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். தொடைக்கு மேல் கயிறு கட்ட வேண்டாம்.